பால் வழு எங்கே இருக்கிறது? ‘நான், சரவணன் வித்யா’ நூலை முன்வைத்து



போன ஆண்டு ஆறாம் படிவ மாணவர் ஒருவர் புறவாசிப்புக்காக எழுதிக் கொடுத்த நூல் திறனாய்வைத் திருத்திக்கொண்டிருந்தேன். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், சரவணன் வித்யா’தான் அவர் எடுத்துக்கொண்ட நூல். முதல் பக்கத்தில் “சரவணன் திருச்சியில் பிறந்தான்” என்று இருந்தது. மூன்றாம் பக்கத்தில் “வித்யா மதுரைக்கு வந்தாள்” என்று இருந்தது. கடைசியில் “வித்யா தம் கதையைத் துணிவோடு சொல்கிறார்” என்று முடித்திருந்தார். மூன்று இடத்தையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘பால் வழு’ என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன். இருபது வருசப் பழக்கம். கை தானாக எழுதிவிடும்.

மறுநாள் மாணவர் தாளோடு வந்து நின்றார்.

“டீச்சர், மூணுல எது சரி, எது வழு? சொன்னீங்கன்னா திருத்திக்கிறேன்.”

எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கட்டுமே என்று, “புத்தகத்துல அவங்க எப்படிப் போட்டிருக்காங்க?” என்று திருப்பிக் கேட்டேன்.

“அவங்க ‘நான்’னுதானே போட்டிருக்காங்க, டீச்சர்.”

அந்தப் பதிலுக்குப் பிறகு நான் நூலை மறுபடி எடுத்து முழுதாகப் படித்தேன். ஒருவர் தன் பாலை இன்னதென்று தானே சொல்லிக்கொள்வது, அதற்கு ஒரு பெயரைத் தேர்ந்தெடுப்பது என்பது தமிழில் எப்படி நடக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல நூல் எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு கோணத்தில் மட்டும் நூலை இங்கே திறனாய்வு செய்கிறேன். நூலின் குறைகளையும் சொல்லப்போகிறேன்.

நூலைப் பற்றிச் சுருக்கமாக

இது 2007இல் கிழக்கு பதிப்பகம் வெளியிட்ட தன்வரலாறு. திருச்சியில் ஓர் எளிய தலித் குடும்பம். ஆண் பிள்ளை வேண்டும் என்று காத்திருந்த அப்பா. பிறந்த பிள்ளைக்குச் சரவணன் என்று பெயர் வைக்கிறார்கள். பிள்ளை படித்துப் பெரிய உத்தியோகத்துக்குப் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்பதற்காக அப்பா கண்டிப்பும் அடியுமாக வளர்க்கிறார். அந்தப் பிள்ளையும் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியலில் முதுகலை வரை படிக்கிறது. நாடகத்திலும் ஈடுபாடு. ஆனால் உள்ளே இருப்பது பெண் என்ற உணர்வு சிறு வயது முதலே இருக்கிறது. வீட்டை விட்டுப் புனே நகருக்குப் போய், அங்கே திருநங்கையரோடு சேர்ந்து வாழ்ந்து, ரயில்களில் கை நீட்டிப் பிழைத்து, ஆந்திராவின் கடப்பாவில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, பிறகு மதுரையில் வேலைக்குச் சேர்கிறார் வித்யா. பெயரைச் சட்டப்படி மாற்ற அலுவலகம் அலுவலகமாக அலைகிறார்.

எழுதியவர் மொழியியல் படித்தவர் என்பதை மாணவர்கள் மறக்க வேண்டாம். சொல்லின் எடை அவருக்குத் தெரியும்.

ஒரே வாழ்க்கைக்கு மூன்று தலைப்பு

தமிழ்த் தலைப்பைப் பாருங்கள். ‘நான்’ என்று சொல்லி ஒரு காற்புள்ளி. பிறகு இரண்டு பெயர்கள், பக்கத்தில் பக்கத்தில். நடுவில் ‘என்கிற’ இல்லை. ‘ஆக இருந்த’ இல்லை. பெற்றோர் வைத்த பெயரும், வாழ்கிற பெயரும் ஒரே மூச்சில் வருகின்றன.

இதே நூல் ஆங்கிலத்துக்குப் போனபோது தலைப்பு ‘ஐ ஆம் வித்யா’ ஆனது. சரவணன் காணாமல் போய்விட்டது. கன்னடத்தில் இந்த நூலைத் தழுவி 2015இல் ஒரு படம் வந்தது. அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. படத்தின் பெயர் ‘நானு அவனல்ல… அவளு’. நான் அவன் அல்ல, அவள் என்று பொருள். அங்கே பெயரே இல்லை, வெறும் சுட்டுப்பெயர்கள்.

மூன்றில் எது சிறந்தது? கன்னடத் தலைப்பு நேரடியாக மனசில் தைக்கிறது. ஆனால் அது எதிரே நிற்கிற ஒருவருக்குச் சொல்லும் பதில். யாரோ ‘அவன்’ என்று சொன்னதை மறுக்கிறது. ஆங்கிலத் தலைப்பு முடிவை மட்டும் சொல்கிறது. தமிழ்த் தலைப்பு எவருக்கும் பதில் சொல்லவில்லை. முடிவை மட்டும் அறிவிக்கவும் இல்லை. ‘நான்’ என்பதை முதலில் வைத்துவிட்டு, இந்த ‘நான்’ எந்தப் பெயர் வழியாக எந்தப் பெயருக்கு வந்தது என்று காட்டுகிறது. தேர்வில் ‘தலைப்பின் பொருத்தப்பாடு’ என்று கேள்வி வந்தால் மாணவர்கள் இந்தக் காற்புள்ளியிலிருந்து தொடங்கலாம்.

‘நான்’ என்ற சொல்லுக்குப் பால் இல்லை

இனி இலக்கணம். ஐம்பாலைக் கீழ்ப் படிவங்களிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். ஆனால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்வதில்லை: தமிழில் பால் காட்டுவது படர்க்கை மட்டும்தான். ‘நான் வந்தேன்’ என்று ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். ‘நீ வந்தாய்’ என்று இருவரையும் சொல்லலாம். தன்மையும் முன்னிலையும் பாலுக்குப் பொது. ஒருவரைப் பற்றி இன்னொருவர் பேசும்போதுதான் வந்தான், வந்தாள், வந்தார் என்று விகுதி தேர்ந்தெடுக்க வேண்டி வருகிறது.

இதை இந்த நூலோடு வைத்துப் பாருங்கள். வித்யா தன் கதையை முழுக்கத் தன்மையில் சொல்கிறார். தன்னைப் பற்றிப் பேச அவருக்கு ஆண்பால் விகுதியும் தேவைப்படவில்லை, பெண்பால் விகுதியும் தேவைப்படவில்லை. சிறு பிள்ளையாகத் தெருவில் ஆடியபோதும் அதே ‘நான்’. புனே ரயிலிலும் அதே ‘நான்’. விகுதி வருவதெல்லாம் அப்பாவின் வாயில், தெருவில் போகிறவன் வாயில், அலுவலகக் குமாஸ்தாவின் வாயில். சண்டையும் அங்கேதான் வருகிறது. நூலின் உயிரே இந்த இடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒப்பிடுவதற்கு சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ நாவலை (1994) எடுத்துக்கொள்ளலாம். சுயம்பு என்ற இளைஞர் மேகலை ஆகிற கதை. அனுதாபத்தோடு எழுதப்பட்ட முன்னோடி நாவல். ஆனால் அங்கே கதைசொல்லி வெளியே நிற்கிறார், படர்க்கையில் சொல்கிறார். ஆகவே ஒவ்வொரு வினைமுற்றிலும் ‘ஆன்’ போடுவதா, ‘ஆள்’ போடுவதா என்று ஆசிரியரே முடிவெடுத்தாக வேண்டும். தன்வரலாற்றில் அந்த முடிவு எழுத்தாளர் கையிலிருந்து விலகி, உரியவரிடமே இருக்கிறது. ‘நோக்குநிலை’ என்ற உத்தியை விளக்க இந்த இரண்டு நூலும் நல்ல ஜோடி.

சரி, அப்படியானால் படர்க்கையில் எழுதும்போது நாம் என்ன செய்வது? பழைய இலக்கணத்தையே கேட்கலாம். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இதை இரண்டு இடத்தில் தொடுகிறார். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கென்று தனி விகுதி கிடையாது, மற்றப் பாலின் விகுதியையே கொள்ளும் என்பது ஒன்று. அந்தப் பெயர் ஆண்பால் வினையோடு முடியாது என்பது மற்றொன்று. நன்னூலார் இன்னும் ஒருபடி தெளிவாகப் போகிறார். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பால். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பால். விரும்புவோர் என்பதற்கு அவர் ஆளும் வினை ‘அவாவுதல்’. அதாவது பாலைத் தீர்மானிக்கும் அளவுகோலாக அங்கே நிற்பது அந்த மனிதரின் விருப்பம்.

உடனே ‘எங்கள் இலக்கணத்தில் எல்லாம் இருக்கிறது’ என்று மேடைப்பேச்சு பேசிவிடக் கூடாது. அதே நூற்பாவில் நன்னூலார் இவர்களை அஃறிணை போலவும் சொல்லலாம் என்கிறார். அதை இன்று ஏற்க முடியாது. ‘அது வருது பாரு’ என்று நம் பக்கத்துத் தெருவில் இன்றும் கேட்கிற ஏளனத்துக்கு அந்த வரி துணை போகக் கூடாது. இலக்கண நூலிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறோம், எதை விடுகிறோம் என்று மாணவருக்குக் காரணத்தோடு சொல்ல வேண்டும்.

சொல் மாறிய கதை

பெயரைத் தேர்ந்தெடுப்பது தனி மனிதர் விஷயம் மட்டுமில்லை. ஒரு சமூகமே தன் பெயரைத் தேடி வந்திருக்கிறது. பேடி, அலி என்பவை பழைய சொற்கள். அகராதியில் இருப்பதால் அவற்றை இன்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட முடியாது. எண்ணைச் சொல்லித் திட்டுவது எப்படி என்று எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் தெரியும். நான் எழுத வேண்டியதில்லை.

அடுத்து வந்தது ‘அரவாணி’. கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கும் சடங்கிலிருந்து பிறந்த சொல். வசவைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதில் ஒருவர் இன்னொருவரின் மனைவி என்றே அறியப்படுகிறார். அதுவும் ஒரு நாள் மனைவி. இஸ்லாமியராகவோ கிறிஸ்தவராகவோ இருப்பவருக்கு அந்தக் கதை சொந்தமும் இல்லை. தமிழ்நாட்டில் 2008 ஏப்ரல் 15இல் நலவாரியம் அமைந்தபோது ‘அரவாணிகள்’ என்ற பெயரோடுதான் அமைந்தது. பிறகு அது ‘திருநங்கைகள்’ நலவாரியம் ஆனது. கலைஞர் கருணாநிதி ஆட்சிக் காலத்தில் அரசு வழக்கிலும் பத்திரிகையிலும் ‘திருநங்கை’ நிலைபெற்றது.

ஒரு தடவை வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “திருன்னா ஆம்பளைக்குப் போடறதுதானே டீச்சர்? நங்கைன்னா பொண்ணு. அப்ப பாதி பாதின்னு அர்த்தமா?” நம் ஊரில் திரு, திருமதி, குமாரி என்று அழைப்பிதழில் படித்துப் பழகிய பிள்ளைக்கு அப்படித் தோன்றுவது இயற்கைதான். திருக்குறளிலும் திருவாசகத்திலும் வருகிற ‘திரு’ இது என்று விளக்கினேன். நங்கை என்பது பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்ற ஏழு பருவப் பெயர்களில் சேராது. அது வயதைச் சொல்லாமல் மதிப்பைச் சொல்கிற சொல். அதன் ஆண்பால் இணை நம்பி. அதிலிருந்துதான் ‘திருநம்பி’ வந்தது. இருவரையும் சேர்த்துச் சொல்ல ‘திருநர்’ என்கிறார்கள்.

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இத்தகைய சொற்களின் தொகுப்பு ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக அது வந்தது. ‘பால்புதுமையர்’ என்ற சொல் அப்படித்தான் பொதுவழக்குக்குப் பரவலாக அறிமுகமானது.

மலேசியாவிலும் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. மலாயில் இருந்த வசைச்சொற்களை வேண்டாமென்று ஒதுக்கி, 1980களில் அந்தச் சமூகத்தினரே தங்களுக்கு உண்டாக்கிக்கொண்ட சொல் ‘மாக் ஞா’. ‘மாக்’ என்றால் அம்மா. மேலேயிருந்து எவரும் கொடுக்கவில்லை, அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

நூலின் குறைகள்

இப்போது குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, நூலின் பிற்பகுதி சில இடங்களில் கட்டுரைத் தொனிக்கு மாறிவிடுகிறது. முற்பகுதியில் ஒரு காட்சி செய்கிற வேலையைப் பிற்பகுதியில் ஒரு பத்தி வேண்டுகோள் செய்யப் பார்க்கிறது. கோபம் நியாயமானது, ஆனால் வாசகருக்குக் காட்சிதான் நிற்கிறது.

இரண்டாவது, கூட வாழ்ந்த மற்றத் திருநங்கையர் பெரும்பாலும் வந்து போகிறவர்களாகவே இருக்கிறார்கள். அவர்கள் தங்களை எந்தப் பெயரால் அழைத்துக்கொள்ள விரும்பினார்கள் என்று இன்னும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. ஒருவரின் குரலைக் கேட்டுவிட்டு எல்லாரையும் தெரிந்துகொண்டதாக வாசகர் நினைத்துவிடலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். அறுவைச் சிகிச்சை இந்த நூலில் மிகப் பெரிய இடத்தை எடுத்துக்கொள்கிறது. வித்யாவின் வாழ்க்கையில் அது அப்படித்தான் இருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மாணவர் இதை மட்டும் படித்தால், சிகிச்சை முடிந்த பிறகே பெயருக்கு உரிமை வரும் என்று எண்ணிவிடக்கூடும். 2014 ஏப்ரல் 15இல் இந்திய உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றதோடு, அதற்கு அறுவைச் சிகிச்சையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. நூல் வந்து ஏழு ஆண்டு கழித்து வந்த தீர்ப்பு அது. ஆசிரியர்கள் இரண்டையும் சேர்த்தே வகுப்பில் வைக்க வேண்டும்.

நம்ம ஊரில் பெயர்

“இதெல்லாம் தமிழ்நாட்டுக் கதைதானே?” என்று கேட்கலாம். நம் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி. அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான், மகன், மகள். இங்கே பெயரின் நடுவிலேயே பால் உட்கார்ந்திருக்கிறது. அது போதாதென்று பன்னிரண்டு இலக்க எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். 2005இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் ஒருவருக்கு மாற்றத்தை அனுமதித்தது. வேறு சில வழக்குகளில் அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இங்கே பெரும்பாலானவர்களுக்கு அட்டையில் ஒரு பெயர், வாழ்க்கையில் ஒரு பெயர்.

கிள்ளானில் முன்பு என்னிடம் படித்த ஒருவரைச் சில வருசத்துக்கு முன் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். முகம் தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் பழைய பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். மதிய நேரம், கடை முழுக்க ஆள். எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்: “டீச்சர், இப்ப என் பேர் வேற.” புதுப் பெயரைச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு, என் படிப்பையெல்லாம் காட்டி, “அப்ப திருநங்கைன்னு சொல்லலாமாம்மா?” என்றேன்.

“நல்ல சொல்லுதான் டீச்சர். என் கூட்டாளிங்க பெருமையா சொல்லிக்குவாங்க. நான் பொண்ணுன்னுதான் சொல்லிக்கிறேன். கறிகாய் வாங்கப் போறப்பகூட அந்த வார்த்தையைச் சுமந்துக்கிட்டுப் போகணுமா?”

எவ்வளவு உயர்ந்த சொல்லாக இருந்தாலும், உரியவரைக் கேட்காமல் ஒட்டினால் அதுவும் வெளியிலிருந்து ஒட்டிய சீட்டாகத்தான் ஆகிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அவருடைய தோழிகளுக்கு ‘திருநங்கை’ என்பது பெருமை, இவருக்கு வேண்டாம். இரண்டும் சரியே.

பிறகு ஒரு நாள் வேலை விண்ணப்பத்துக்காக நற்சான்றுக் கடிதம் கேட்டு வந்தார். சட்டப் பத்திரம் என்பதால் மேலே அட்டைப் பெயரையே போட வேண்டியிருந்தது. “உள்ளே என்ன போடட்டும்?” என்று இந்தத் தடவை முதலிலேயே கேட்டேன். இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். “இவர் என் மாணவர். பொறுப்பானவர். நேரம் தவறாதவர்” என்று எழுதினேன். மலாயில் எழுதிய படியில் சிக்கலே இல்லை. ‘டியா’ என்ற ஒரே சொல் எல்லாருக்கும் பொது. தமிழில் ‘இவர்’ அந்த வேலையைச் செய்தது. பேச்சில் நாம் தினமும் சொல்கிற ‘அவங்க’வும் அதைத்தான் செய்கிறது.

வகுப்பறைக்கும் தேர்வுக்கும்

மாணவர்களுக்குச் சில குறிப்புகள்.

1. தன்வரலாற்றைப் பற்றி எழுதும்போது, ஆசிரியர் இன்று எந்தப் பெயரில் வாழ்கிறாரோ அந்தப் பெயரையே கட்டுரை முழுவதும் பயன்படுத்துங்கள். சிறு வயதைச் சொல்லும்போதும் “சரவணன் என்று பெயரிடப்பட்ட வித்யா” என்று எழுதலாம்.

2. வித்யா தம்மைப் பெண் என்று சொல்கிறார். ஆகவே பெண்பால் விகுதி சரி. திறனாய்வில் ஆசிரியரை மரியாதையாகக் குறிப்பிடும் வழக்கப்படி ‘அவர்’, ‘சொல்கிறார்’ என்பதும் சரி. இரண்டில் ஒன்றைத் தொடக்கத்திலேயே முடிவு செய்து கடைசிவரை ஒரே சீராக எழுதுங்கள். ஆண்பால் விகுதிதான் வழு.

3. நூலில் பிறர் பேசும் வசைச்சொல்லை எடுத்துக்காட்டும்போது, அது யார் வாயில் வருகிறது என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். அதை உங்கள் சொல்லாக ஆக்கிவிடாதீர்கள்.

4. ‘பெயர் என்பது பிறர் தருவதா, தானே ஏற்பதா?’ என்ற கேள்வியைக் கருப்பொருளாக வைத்துக்கொண்டு, தலைப்பு, நோக்குநிலை, சொல்லாட்சி ஆகிய மூன்றிலிருந்தும் ஒவ்வொரு சான்று எடுத்து எழுதிப் பாருங்கள். ஒரு நல்ல திறனாய்வுக்கு அது போதும்.

ஆசிரியர்களுக்கு ஒன்றே ஒன்று. நம் வகுப்பிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். அது கையைத் தூக்கி அறிவிக்காது. நாம் இந்தப் பாடத்தை எந்தச் சொல்லால் நடத்துகிறோம் என்று பின்வரிசையிலிருந்து கவனித்துக்கொண்டிருக்கும். சிரிப்பு எழும் இடத்தில் நாமும் சேர்ந்து சிரித்தோமா என்பதையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த ஆறாம் படிவ மாணவரின் தாளைத் திரும்ப வாங்கினேன். ‘வந்தாள்’, ‘சொல்கிறார்’ இரண்டின் மேலிருந்த வட்டத்தையும் அடித்துவிட்டு, ஒரே சீராக எழுதும்படி குறிப்புப் போட்டேன். ‘பிறந்தான்’ மேலிருந்த வட்டம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். குறைத்த மதிப்பெண்ணில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். மாணவர் கணக்குப் பார்த்துவிட்டு, “மீதி டீச்சர்?” என்றார். அது பால் வழுவுக்கு இல்லை, சந்திப்பிழைக்கு என்று சொல்லி அனுப்பினேன்.